சொந்த ஊரின் வளர்ச்சியைத் திட்டமிடுவது எப்படி? சிங்கப்பூர்த் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிராங்கூன் சாலைப் பக்கம் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு, ஊர்க்காரர்கள் சிலர் கூடிப் பேசுவது எங்கள் வழக்கம். வேலை அனுமதிச் சீட்டில் வந்தவர்கள், நிரந்தரவாசிகள், இங்கேயே பிறந்து தாத்தாவின் ஊரை இரண்டே முறை பார்த்தவர்கள் என்று எல்லாரும் அதில் உண்டு. பேச்சு எங்கே தொடங்கினாலும் ‘நம்ம ஊருக்கு ஏதாவது செய்யணும்’ என்பதில்தான் வந்து நிற்கும். அங்கே திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொன்ன விடைகளையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை, சிவகங்கை, தென்காசி மாவட்டங்களின் சிற்றூர்களே என் மனத்தில் இருப்பவை. நான் பல ஆண்டுகள் வடிகால் பொறியியலில் வேலை பார்த்தவன். தண்ணீரைப் பற்றி அதிகம் பேசியிருந்தால் அதற்குத் தொழில் பழக்கமும் ஒரு காரணம்.

சிற்றூர் என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒரு பேருந்து நிலையம், ஒரு வாரச்சந்தை, அரசு மேல்நிலைப்பள்ளி, இரண்டு மூன்று வங்கிக் கிளைகள், சுற்றிலும் வயல் அல்லது தோப்பு, இவை இருந்தால் போதும். தமிழ்நாட்டில் இத்தகைய ஊர்களில் பல பேரூராட்சிகளாக இருக்கின்றன. சில இன்னமும் ஊராட்சிகளாகவே உள்ளன. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 5,000 பேருக்குக் குறையாமல் வசித்து, ஆண் தொழிலாளர்களில் முக்கால்வாசிப் பேராவது வேளாண்மை அல்லாத வேலையில் இருந்து, சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது இருந்தால் அந்த இடத்தை நகர்ப்புறமாகவே எண்ணுகிறது. ஆகவே காகிதத்தில் ஊராட்சியாக இருக்கும் ஓர் ஊர், நடப்பில் எப்போதோ நகரமாகியிருக்கக்கூடும். குழப்பங்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

‘நீடித்து நிலைக்கும் வளர்ச்சி’ என்றால், ஊர் வளரக்கூடாது என்று பொருளா?

இல்லை. ஊர் வளராவிட்டால் பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பிவிடுவார்கள். நாமே அதற்குச் சாட்சி. உழவர் வீட்டில் விதைநெல்லுக்கென்று தனிக் குதிர் இருக்கும். எவ்வளவு பஞ்சம் வந்தாலும் அதில் கைவைப்பதற்கு முன் நூறு தரம் யோசிப்பார்கள். ஓர் ஊருக்கு அதன் நீர்நிலைகள், வளமான மண், மேய்ச்சல் நிலம், பேரூராட்சியின் சொந்த வருவாய் ஆகிய நான்கும் விதைநெல். இவற்றைக் கரைக்காமல் வீடும் கடையும் வேலையும் பெருகினால் அந்த வளர்ச்சி நிலைக்கும். இவற்றை விற்றுப் பெருகுவதையும் நாம் வளர்ச்சி என்றுதான் சொல்கிறோம், அதுவும் ஒரு பத்தாண்டுக்கு நன்றாகவே தோன்றும்.

நம் ஊரைச் சிங்கப்பூர்போல் ஆக்க முடியாதா?

ஆண்டுக்கு ஒருமுறையாவது கேட்கப்படும் கேள்வி இது. முடியாது என்பதோடு, முயலவும் கூடாது என்பதே என் கருத்து. சிங்கப்பூரில் நிலத்தின் பெரும்பகுதி அரசுக்குச் சொந்தம். 1966ஆம் ஆண்டின் நிலக் கையகப்படுத்தும் சட்டம் இல்லாமல் இங்குள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளும் சாலைகளும் இந்த வேகத்தில் எழுந்திருக்க மாட்டா. கம்பத்து (கிராமக் குடியிருப்பு) வாழ்க்கை போனது, பண்ணைகள் போயின, இன்று இந்த நாடு உண்ணும் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. துறைமுகமும் நிதித்துறையும் உள்ள ஒரு நகர நாட்டுக்கு அந்தக் கணக்கு ஒத்துவரலாம். நெல்லும் தேங்காயும் விற்றுப் பிழைக்கும் மன்னார்குடிப் பக்கத்து ஊருக்கு அது எப்படி ஒத்துவரும்?

ஆனால் இங்கிருந்து எடுத்துக்கொள்ளவும் சில உண்டு. முதலாவது, திட்டக் கோடுகளை முன்கூட்டியே வரைந்துவிடுவது. சிங்கப்பூரின் மக்கள்தொகை ஏறத்தாழ 20 லட்சமாக இருந்த 1971இல், 40 லட்சம் பேருக்கான நீண்டகாலத் திட்டத்தை வகுத்தார்கள். ரயில்பாதை செல்லவேண்டிய தடங்களை அப்போதே காகிதத்தில் ஒதுக்கினார்கள். முதல் எம்ஆர்டி ரயில் ஓடியது 1987இல். இடைப்பட்ட 16 ஆண்டுகளில் அந்தத் தடத்தில் யாரும் வீடு கட்டிவிடாமல் பார்த்துக்கொண்டதுதான் அந்தத் திட்டத்தின் சிறப்பு. நம் ஊருக்கு ரயில் வேண்டாம். எதிர்காலப் புறவழிச்சாலைக்கான ஒரு பட்டையையும் வாய்க்கால்களின் இரு கரைகளையும் மட்டும் இன்றே ஒதுக்கிக் காக்க முடிந்தாலே பெரிய காரியம்.

இரண்டாவது, அழுக்கை அது பிறக்கும் இடத்தில் நிறுத்துவது. 1977 முதல் 1987 வரை சிங்கப்பூர் ஆற்றைச் சுத்தப்படுத்தியபோது, ஆற்றை வாரிக்கொண்டே இருக்கவில்லை. கழிவு வந்து சேரும் பண்ணைகளையும் தெருவோர உணவுக்கடைகளையும் கழிவுநீர் இணைப்பில்லாத குடியிருப்புகளையும் வேறிடங்களுக்கு மாற்றினார்கள். நம் ஊர்களில் குளத்தைத் தூர்வாருவதற்கு விழா எடுக்கிறோம். குளத்துக்குள் விழும் சாக்கடைக் குழாய் அதே இடத்தில் இருக்கிறது. அடுத்த ஆண்டு ஆகாயத்தாமரை வந்துவிடுகிறது.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

தண்ணீர் போகும் வழியை வரைவதிலிருந்து. சாலை, பேருந்து நிலையம், சமுதாயக்கூடம் எல்லாம் அதற்குப் பிறகு.

தமிழ்நாட்டின் பழைய ஊர்கள் பலவும் தண்ணீருக்கு ஏற்ப அமைந்தவை. மேட்டில் குடியிருப்பு, அதற்குக் கீழே ஊருணி, பக்கத்தில் ஏரி அல்லது கண்மாய், ஏரிக்குக் கீழே ஆயக்கட்டு வயல். ஏரிக்குள் நீர் வருவதற்கு வரத்து வாய்க்கால், வயலுக்கு விட மதகு, நிரம்பி வழிந்தால் வெளியேறக் கலிங்கு, அதிலிருந்து அடுத்த ஏரிக்குப் போகும் வாய்க்கால் என்று ஒவ்வொன்றும் மற்றொன்றோடு கோக்கப்பட்டது. இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் மழைக்காலத்தில் வெள்ளம், கோடையில் வறட்சி என்று இரண்டும் சேர்ந்தே வரும். இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்பது அங்கே பலருக்கும் தெரியும். வெளியூரிலிருந்து பணம் அனுப்பும் நமக்குத்தான் தெரிவதில்லை.

என் தாயாரின் ஊரில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஊரின் கிழக்கே 3 அடி அகலமும் 2 அடி ஆழமும் உள்ள ஒரு வாய்க்கால் இருந்தது. சிறுவயதில் அதில் கெண்டை பிடித்திருக்கிறோம். பிறகு அந்தப் பக்கத்து வயல்கள் மனைப்பிரிவாயின. மனைப்பிரிவுக்குள் செல்லும் சாலை வாய்க்காலைக் கடக்கவேண்டிய இடத்தில், அதை அமைத்தவர்கள் பாலம் கட்டாமல் ஓரடி விட்டமுள்ள ஒரு சிமெண்டுக் குழாயைப் புதைத்து மேலே மண்ணைக் கொட்டிவிட்டார்கள். வாய்க்காலின் வெட்டுப்பரப்பு 6 சதுர அடி. குழாயின் பரப்பு 0.8 சதுர அடிக்கும் குறைவு. அதாவது, வந்த நீரில் ஏழில் ஒரு பங்குகூட அப்பால் போக வழியில்லை. பெருமழையில் மேற்குத் தெருவுக்குள் முழங்கால் அளவு நீர் நின்றபோது, ‘பருவநிலை மாறிவிட்டது’ என்று ஒருவர் என்னிடம் சொன்னார். பருவநிலை மாறியிருப்பது உண்மைதான். அந்தக் குழாயின் வாயில் ஒரு பிளாஸ்டிக் குடமும் வாழைமட்டையும் அடைத்துக்கொண்டிருந்ததும் உண்மை.

வயல் என்பது நெல் விளையும் இடம் மட்டுமில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். 25 ஏக்கர் வயலில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 1 கோடி லிட்டர் நீர் சேரும். வரப்பு உயரமாக இருந்தால் அந்த நீர் வயலிலேயே நின்று மெல்ல இறங்கும். அதே 25 ஏக்கரில் வீடும் சிமெண்டுத் தரையும் தார்ச்சாலையும் வந்துவிட்டால், அந்த நீரின் பெரும்பகுதி ஒரு சில மணி நேரத்தில் ஊருக்குள் வந்து நிற்கும். ஆகவே வயலை மனையாக்குகிறவர், தான் அகற்றிய தேக்கத்துக்கு ஈடாக வேறொரு தேக்கத்தை ஏற்படுத்தித் தரவேண்டும் என்பதை ஊர்த் திட்டத்தின் முதல் விதியாக வைத்துக்கொள்ளலாம்.

வரைபடம் தயாரிக்கப் பெரிய செலவில்லை. நிலத்தின் புல வரைபடத்தையும் ‘அ’ பதிவேட்டையும் தமிழ்நாடு அரசின் இணையச் சேவையில் இங்கிருந்தபடியே பார்க்கலாம். எந்தெந்தப் புல எண் வாய்க்கால், குளம், மேய்ச்சல், மயானம் என்று புறம்போக்காகப் பதிவாகியிருக்கிறது என்பது அதில் தெரியும். பிறகு ஊரிலிருக்கும் இரண்டு முதியவர்களோடு அவற்றை நடந்து பார்க்கவேண்டும். ஏரிக்கு மடை திறந்துவிட்ட நீர்பாய்ச்சி யாராவது உயிரோடு இருந்தால், எந்தப் பொறியாளரையும்விட அவரிடம் அதிகம் கற்கலாம்.

சிங்கப்பூரில் நடக்கும் சொத்துக் கண்காட்சிகளில் ஊர்ப்பக்க மனைகளை விற்கிறார்கள். வாங்கினால் ஊர் வளரத்தானே செய்யும்?

சற்றுக் கசப்பான விடை இது. நம் ஊர்களின் நிலத்தின் மீது விழும் பெரிய அழுத்தங்களில் ஒன்று நம்முடைய சேமிப்புதான். நாம் வாங்கும் மனைகளில் பலவற்றில் வீடு எழுவதே இல்லை. நான்கு மூலைக் கல், நடுவில் சீமைக்கருவேலம், அவ்வளவுதான். பயிரும் இல்லை, குடித்தனமும் இல்லை. ஆனால் அந்தக் காலி மனைகளுக்கும் சேர்த்துப் பேரூராட்சி சாலை போடவும் விளக்குக் கம்பம் நடவும் குழாய் இழுக்கவும் வேண்டியிருக்கிறது. பக்கத்து வயலுக்கும் அதே விலையை எதிர்பார்த்து உழவர் பயிரிடுவதை நிறுத்துகிறார். உள்ளூரில் வேலை பார்க்கும் ஆசிரியருக்கோ கடைக்காரருக்கோ வீடு கட்ட நிலம் எட்டாத விலைக்குப் போகிறது.

சட்டத்தையும் கவனிக்கவேண்டும். வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களும் ஓசிஐ அட்டை (வேறு நாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) வைத்திருப்பவர்களும் இந்தியாவில் குடியிருப்பு மனையோ வீடோ வாங்கலாம். வேளாண் நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க முடியாது. வீட்டு மனை என்று உங்களிடம் விற்கப்படும் நிலம் முறையாக மனையாக அங்கீகரிக்கப்படாததாக இருந்தால், பதிவேட்டில் அது வயலாகவே இருக்கும். எனவே நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதலைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவுசெய்வதற்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடைவிதித்த பிறகே இதன் தீவிரம் பலருக்கு உறைத்தது. அதைத் தொடர்ந்து 2017இல் வந்த வரன்முறைத் திட்டம் பழைய மனைகளுக்கானது; அதைக் காட்டிப் புதிய மனையை விற்பவரை நம்பவேண்டாம்.

காவிரிப் படுகை ஊர்க்காரர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்கவேண்டும். 2020இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில பகுதிகளும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக உள்ளன. எண்ணெய், எரிவாயுக் கிணறுகள் முதலிய சில தொழில்களை அது புதிதாக அனுமதிப்பதில்லை. ஆனால் மனைப்பிரிவைத் தடுக்கும் சட்டமாக அதை நினைத்துக்கொள்ளக்கூடாது.

வாங்கித்தான் ஆகவேண்டுமென்றால், ஊருக்குள் ஏற்கெனவே சாலையும் குழாயும் உள்ள தெருவில் இடிந்து கிடக்கும் பழைய வீட்டை வாங்கிப் புதுப்பியுங்கள். செட்டிநாட்டுப் பக்கம் முற்றத்து மழைநீரை அண்டாவில் பிடித்துச் சேமித்த வீடுகள் இன்று பூட்டிக் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றைத் திறந்து வைப்பது புதிதாகப் பத்து மனை போடுவதைவிட ஊருக்கு உதவும்.

எத்தனை பேருக்காகத் திட்டமிடவேண்டும்?

இதில் பெரும்பாலானவர்கள் மிகையாகக் கணக்கிடுகிறார்கள். 12,000 பேர் உள்ள ஊர் ஆண்டுக்கு 1.5 விழுக்காடு வளர்ந்தால் 20 ஆண்டில் 16,000ஐச் சற்றுத் தாண்டும். அந்த வேகமும் எல்லா ஊருக்கும் வாய்க்காது. தமிழ்நாட்டில் ஒரு பெண் பெறும் பிள்ளைகளின் சராசரி எண்ணிக்கை, மக்கள்தொகை குறையாமலிருக்கத் தேவையான 2.1 என்ற அளவுக்குக் கீழே இறங்கிப் பல ஆண்டுகளாகின்றன. ஆட்கள் அவ்வளவாகக் கூடாமலே வீடுகள் கூடுகின்றன, குடும்பங்கள் சிறுத்துவிட்டதால். கூடப்போகிறவர்கள் முதியவர்கள், அதாவது நம் பெற்றோர். ஆகவே நடைபாதையின் விளிம்பு எவ்வளவு உயரம், மருந்துக்கடைக்கு நடந்துபோக முடிகிறதா, அரசு மருத்துவமனைக்குக் காலை 8 மணிக்குப் பேருந்து உண்டா என்பனவும் நகரத் திட்டமிடல்தான்.

குடிநீருக்கும் கழிவுநீருக்கும் என்ன கணக்கு?

இந்தியாவில் பின்பற்றப்படும் அளவுகளின்படி, கிராமத்து வீட்டுக் குழாய்க்கு ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். பாதாளச் சாக்கடை இல்லாத சிறு நகரத்துக்கு 70 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு 135 லிட்டர். 12,000 பேர் உள்ள ஊருக்கு 70 லிட்டர் வீதம் நாளொன்றுக்கு 8.4 லட்சம் லிட்டர் வேண்டும். அதில் ஏறத்தாழ 80 விழுக்காடு, அதாவது 6.7 லட்சம் லிட்டர், அழுக்குநீராகத் திரும்பி வரும். குடிநீர்த் திட்டத்தைத் திறந்துவைக்கும் மேடையில் முதல் எண்ணை மட்டுமே சொல்வார்கள். இரண்டாவது எண்ணுக்கு வழி சொல்லாத திட்டம் அரைத் திட்டம்.

சிற்றூருக்குப் பாதாளச் சாக்கடை பெரும்பாலும் தேவையில்லை. அமைத்தாலும் நடத்தக் கட்டுப்படியாகாது. முறையாகக் கட்டிய கழிவுநீர்த் தொட்டி, குறித்த காலத்தில் லாரி வைத்து அள்ளுதல், அள்ளியதைச் சுத்திகரிக்க ஒரு சிறு நிலையம் என்ற ஏற்பாடே போதும். கர்நாடகத்தின் தேவனஹள்ளியில் 2015இல் ஊர் அளவிலான இத்தகைய நிலையம் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் கருங்குழிப் பேரூராட்சியும், கோயம்புத்தூர்ப் பக்கம் பெரியநாயக்கன்பாளையமும் இந்த வழியில் முன்னே சென்றவை. இல்லாவிட்டால் அந்த லாரி இரவில் எங்கே போய்க் கவிழ்க்கிறது என்பதை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வளர்ச்சிக்குப் பணம் எங்கிருந்து வரும்?

கட்டுவதற்குப் பணம் வரும். அரசுத் திட்டம், நன்கொடை, கடன் என்று பல வழி உண்டு. கட்டியதை நடத்துவதற்குத்தான் பணம் இருக்காது. பேரூராட்சியின் சொந்த வருவாய் என்பது சொத்துவரி, குடிநீர்க் கட்டணம், தொழில்வரி, சந்தைக் குத்தகை, கடை வாடகை ஆகியவை. ஊர் ஆதாரங்களுள் மிகவும் கவனிக்கப்படாதது வாரச்சந்தை. கூரையும் தண்ணீரும் கழிப்பறையும் உள்ள சந்தைக்கு வியாபாரிகள் தாமாகவே வருவார்கள்; குத்தகைத் தொகையும் உயரும்.

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் வெளிநாட்டு நண்பர்கள் சேர்ந்து சூரியசக்தி விளக்குகள் போட்டுக் கொடுத்தோம். மூன்றாம் ஆண்டிலேயே மின்கலங்கள் செத்துவிட்டன. மாற்றுவதற்கு யாரிடமும் நிதியில்லை. யார் மாற்றவேண்டும் என்று எழுதி வைக்கவும் இல்லை. நன்கொடையாளர் பெயர்ப்பலகை மட்டும் புதிதாகவே இருக்கிறது. அந்தக் கம்பத்தில் ஆணி அடித்துப் பெட்டிக்கடைக்காரர் வாழைத்தார் தொங்கவிட்டிருக்கிறார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. கம்பத்தை ஒரு பயனுக்காவது கொண்டுவந்தவர் அவர்.

இதைச் சிங்கப்பூரில் இருந்துகொண்டு செய்தோம் என்பதுதான் வெட்கம். இங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் மாதந்தோறும் நகர மன்றத்துக்குச் சேவை, பராமரிப்புக் கட்டணம் செலுத்துகிறோம். அதில் ஒரு பகுதியை, மின்தூக்கி மாற்றுவது, கட்டடத்துக்குச் சாயம் பூசுவது போன்ற பெருஞ்செலவுகளுக்கென்று தனி நிதியில் சேர்க்கவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இதை நாம் நன்கொடைக்கும் விதியாக்கிக்கொள்ளலாம். 10 லட்சம் ரூபாய்க்கு ஏதாவது கட்டித் தருவதாக இருந்தால், 7 லட்சத்துக்குக் கட்டிவிட்டு 3 லட்சத்தைப் பராமரிப்புக்கு வைப்புநிதியாக வைத்துவிடுங்கள்.

ஊராட்சியே வருவாயைத் தேடிக்கொண்ட முன்மாதிரியும் தமிழ்நாட்டில் இருக்கிறது. கோயம்புத்தூர் மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி 2006இல், தன் சேமிப்போடு வங்கிக் கடனையும் சேர்த்து, ஏறத்தாழ 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. குடிநீர் ஏற்றவும் தெருவிளக்குக்கும் தேவையானதைவிட மிகுதியாக மின்சாரம் கிடைத்ததால், எஞ்சியதை மின்வாரியத்துக்கு விற்றார்கள். எல்லா ஊரிலும் காற்று அடிக்காது. ஆனால் மின் கட்டணம் ஊராட்சியைத் தின்கிறது என்று கணக்குப் பார்த்து, அந்தச் செலவையே வருவாயாகத் திருப்பிய அந்த யோசனை எந்த ஊருக்கும் பொருந்தும்.

இங்கிருந்து நன்கொடை அனுப்பினால் சட்டச் சிக்கல் உண்டா?

உண்டு, அதைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக ஊர் அறக்கட்டளைக்கு அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. சிங்கப்பூர்க் குடிமகனாகிவிட்டவர் அனுப்பினால், அவரிடம் ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். அதைப் பெறும் அமைப்பு, 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவோ முன்அனுமதியோ பெற்றிருக்கவேண்டும். கோயில் திருப்பணிக்கும் இது பொருந்தும். ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருவகையினரும் இருப்பதால், எல்லாப் பணத்தையும் ஒருவர் கணக்கில் சேர்த்து அனுப்பிவிடும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

சிங்கப்பூரின் பக்கமும் விதி இருக்கிறது. வெளிநாட்டு அறப்பணிக்கென்று இங்கே பொதுமக்களிடம் நிதி திரட்ட, அறநிறுவனங்களின் ஆணையரிடம் அனுமதி பெறவேண்டும். பொதுவாகத் திரட்டியதில் 80 விழுக்காட்டைச் சிங்கப்பூருக்குள்ளேயே செலவிடவேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. விலக்கு கேட்டுப் பெறலாம். தேக்காவில் உண்டியல் ஏந்துவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

தமிழ்நாடு அரசின் ‘நமக்கு நாமே’ திட்டத்தில், பொதுவாக மூன்றில் ஒரு பங்கை மக்கள் கொடுத்தால் மீதியை அரசு தருகிறது. ஊரில் இருக்கும் உறவினர்கள் முறைப்படி பங்குத்தொகையைக் கட்டி, பேரூராட்சியின் தீர்மானத்தோடு செய்தால், நம் பணம் மும்மடங்காகும். கணக்கும் தணிக்கைக்கு உட்படும்.

வேலைவாய்ப்புக்கு ஒரு தொழிற்சாலை வந்தால் போதாதா?

வரட்டும், எவ்வளவு நிலத்தடி நீர் எடுக்கும் என்று கேட்டுவிட்டு. ஒரே ஆலையை நம்பிய ஊர், அந்த ஆலை மூடும் நாளில் சந்தையையும் இழக்கும். ஏற்கெனவே கைவசம் இருக்கும் தொழிலை நாலு பேருக்குப் பதில் நாற்பது பேர் செய்யும்படி வளர்ப்பது மெதுவான வழிதான். மானாமதுரை மட்பாண்டமும் பத்தமடைப் பாயும் புவிசார் குறியீடு பெற்றிருக்கின்றன. ஆனால் குயவருக்கு மண் எடுக்கக் கண்மாயும், பாய் முடைபவருக்குக் கோரை வளர ஆற்றங்கரையும் இல்லாவிட்டால் அந்தக் குறியீட்டால் என்ன பயன்? தொழிலைப் பற்றிய கேள்வியும் சுற்றித் தண்ணீரிடமே வந்துவிடுகிறது.

பேருந்து நிலையத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இட நெருக்கடி என்று சொல்லி அதை ஊருக்கு வெளியே 3 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோவதற்கு எப்போதும் ஒரு யோசனை இருக்கும். அந்த 3 கிலோமீட்டர் தூரத்தில் யாருடைய நிலம் இருக்கிறது என்று விசாரியுங்கள். 2021 முதல் தமிழ்நாட்டில் பெண்கள் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். ஒரு பெண் எவ்வளவு தூரம் வேலைக்குப் போக முடியும் என்பதை அந்தப் பேருந்தே தீர்மானிக்கிறது. இறங்கிய இடத்திலிருந்து கடைத்தெருவுக்கு ஆட்டோவுக்கு 60 ரூபாய் கொடுக்கவேண்டியிருந்தால் இலவசப் பயணத்தில் மிச்சமானது போய்விடும்.

திட்டத்தை யார் முடிவு செய்யவேண்டும்? பணம் தருபவர்களுக்கு உரிமை இல்லையா?

கருத்துச் சொல்ல உரிமை உண்டு, முடிவெடுக்க இல்லை. மழைநீரில் நிற்கப்போகிறவர்கள் ஊரில் வாழ்பவர்கள்தான். ஊராட்சியாக இருந்தால் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. விடுமுறையை அதற்கேற்ப அமைத்துக்கொண்டு போய் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். பேரூராட்சிக்குக் கிராம சபை கிடையாது. அங்கே வார்டு உறுப்பினரையும் மன்றத் தலைவரையும் செயல் அலுவலரையும் பார்க்கவேண்டும்.

அங்கே யார் பேசுகிறார்கள் என்பதைவிட யார் பேசவில்லை என்பதைக் கவனியுங்கள். பல ஊர்களில் பட்டியல் சாதியினரின் குடியிருப்பு தாழ்ந்த இடத்தில், ஊர்ச் சாக்கடை வந்து முடியும் பக்கத்தில் இருக்கிறது. மயானப் பாதைகூட இன்னும் தீராத வழக்காக இருக்கும். ‘ஊர்ச் சங்கம்’ என்று சிங்கப்பூரில் நாம் கூடும்போது அந்தத் தெருக்காரர் ஒருவராவது நம்மோடு உட்கார்ந்திருக்கிறாரா? இல்லையென்றால் நாம் ஊருக்காகப் பேசவில்லை, ஊரில் பாதிக்காகப் பேசுகிறோம்.

தகவலோடு பேசினால் தீர்மானம் மாறும் என்பதற்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. சிங்கப்பூரின் உபின் தீவிலுள்ள செக் ஜாவா கடலோரத்தில் கடலை நிரவி நிலமாக்கும் திட்டம் இருந்தது. 2001இல் தன்னார்வலர்கள் அலை வற்றும் நேரத்தில் சேற்றில் இறங்கி, அங்கு என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன என்று பதிவுசெய்து அரசிடம் காட்டினார்கள். அவ்வாண்டு இறுதியில் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது; இன்றும் செக் ஜாவா அப்படியே இருக்கிறது.

புயல், வறட்சி ஆகியவற்றுக்குத் தனித் திட்டம் வேண்டுமா?

தனித் திட்டம் என்றால் அலமாரிக்குப் போய்விடும். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் கரையைக் கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. ஒரே பயிரை நம்பியதன் விலை அன்று தெரிந்தது. அதன் பிறகு பேராவூரணிப் பகுதி இளைஞர்களும் உழவர்களும் சேர்ந்து அங்குள்ள பெரியகுளத்தைத் தூர்வாரத் தொடங்கினார்கள். தென்னை மறுபடி காய்க்க ஆண்டுகள் ஆகும், தண்ணீர் இருந்தால் அதற்குள் வேறு பயிராவது செய்யலாம். பள்ளிக்கூடத்தை மேட்டில் கட்டுவது, சாலையோரத்தில் விரைவாக வளரும் மரத்துக்குப் பதில் புங்கனும் பூவரசும் மருதமும் வைப்பது, சாலையை ஒவ்வொரு முறையும் உயர்த்திக்கொண்டே போகாமல் பழைய தாரைச் சுரண்டிவிட்டுப் போடுவது எல்லாம் அன்றாட வேலையோடு சேர்ந்தே நடக்கவேண்டியவை.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது என்ன செய்யலாம்?

ஐப்பசி, கார்த்திகையில் போங்கள். பொங்கலுக்குப் போனால் எல்லாம் காய்ந்து அழகாக இருக்கும். மழை விட்ட அரைமணி நேரத்தில் தெருத்தெருவாக நடந்து, தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கைபேசியில் படம் எடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் புல எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் படங்களைப் புல வரைபடத்தோடு ஒட்டிப் பேரூராட்சி அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊர் முகப்பில் ஓர் அலங்கார வளைவு மட்டும் கட்டிக்கொள்ளலாமா?

கட்டலாம். அதன் அடித்தூண் வாய்க்காலுக்குள் இறங்காமலும், வைக்கோல் ஏற்றிய லாரி தட்டாத உயரத்திலும் இருக்கட்டும். எங்கள் ஊர் வளைவில் இரண்டும் தவறிவிட்டன.